சேவை சார்ந்த கட்டமைப்பில் திறமூலத் தரவு ஒருங்கிணைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனித்தனி மென்பொருள்களான சேவைகள்தான் ஏபிஐ என்ற கேள்வி-பதில் வாசல் வழியாகப் பேசிக்கொள்கின்றனவே, தரவு ஒருங்கிணைப்பு என்று தனியாக ஒன்று எதற்கு?

ஆர்டர் சேவை வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு ஒருவருடைய முகவரியைக் கேட்டால் அது ஏபிஐ வேலை. மூன்று ஆண்டு ஆர்டர்களை வாடிக்கையாளர் விவரத்தோடு சேர்த்து அறிக்கை எடுப்பது, பழைய மென்பொருளில் கிடக்கும் 40 லட்சம் பதிவுகளைப் புதிய சேவைக்குக் கொண்டுபோவது, விலை மாறியதும் ஆறு சேவைகளுக்குத் தெரியப்படுத்துவது போன்றவை வேறு வகை. இவற்றையும் ஏபிஐ வழியாகவே செய்யலாம்தான். செய்தால், பகல் நேரத்தில் உண்மையான பயனருக்குப் பதில் சொல்ல வேண்டிய சேவை அறிக்கைக்குப் பதில் சொல்லியே படுத்துவிடும்.

இன்னொரு காரணம் வெறும் பெருக்கல் கணக்கு. ஒரு கோரிக்கை வெற்றி பெற ஐந்து சேவைகள் அடுத்தடுத்துப் பதில் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றும் 99.5 சதவீத நேரம் இயங்குகிறது என்று வையுங்கள். ஐந்தையும் பெருக்கினால் 97.5 சதவீதம். 30 நாள் மாதத்தில் ஏறக்குறைய 18 மணி நேரம் அந்தக் கோரிக்கை தோற்கும். தேவையான தரவின் நகல் ஒவ்வொரு சேவையிடமும் முன்பே இருந்தால் இந்தச் சங்கிலி அறுகிறது. அந்த நகல் எப்படி வருகிறது, எவ்வளவு பழையதாக இருக்கலாம், தவறினால் யார் சரிசெய்வது என்பதெல்லாம்தான் தரவு ஒருங்கிணைப்பு.

ஈடிஎல், ஈஎஸ்பி, மெசேஜ் புரோக்கர், சிடிசி: இவற்றில் எது எதற்கு?

ஈடிஎல் தொகுதி வேலை. மொத்தமாக எடுத்து, மாற்றி, இலக்கில் ஏற்றும். ஈஎஸ்பி ஒவ்வொரு செய்தியாக வாங்கி வடிவம் மாற்றி உரிய சேவைக்கு அனுப்பும். ஒரு பக்கம் எக்ஸ்எம்எல்லில் பேசும் பழைய சோப் முறை, மறுபக்கம் ஜேசன் வடிவம் என்றால் இது கைகொடுக்கும். மெசேஜ் புரோக்கர் செய்தியை வைத்திருந்து கொடுக்கும், உள்ளடக்கத்தைப் பற்றிக் கவலைப்படாது. சிடிசி, அதாவது மாற்றங்களைப் பிடிக்கும் முறை, தரவுத்தளம் தன் மாற்றங்களைப் பதியும் லாக்கைப் படித்து ஒவ்வொரு இன்சர்ட், அப்டேட், டெலீட்டையும் (சேர்ப்பு, திருத்தம், நீக்கம்) செய்தியாக வெளியே தள்ளும். செயலியின் நிரலில் கை வைக்கத் தேவையில்லை.

பெரும்பாலான நிறுவனங்களுக்கு இவற்றில் இரண்டு போதும். நான்கையும் ஒரே நேரத்தில் நிறுவுகிறவர்கள் அடுத்த ஓராண்டு அவற்றுக்குப் பேட்ச் போடும் வேலையைத்தான் பார்ப்பார்கள்.

ஈஎஸ்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதற்குள் தொழில் விதிகளை எழுதாதீர்கள். தள்ளுபடி எவ்வளவு என்ற கணக்கு, செய்தி போகும் வழியை விவரிக்கும் ரூட் கோப்புக்குள் புகுந்துவிட்டால், அது அங்கே இருப்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும்.

எந்தத் திறமூலக் கருவியைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி நியாயமானது, ஆனால் இது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி கீழே இருக்கிறது. அதற்கு விடை இல்லாமல் கருவி வாங்கினால் எந்தக் கருவியும் ஒன்றுதான். இருந்தாலும், வகைவகையாக:

அப்பாச்சி கேமல் ஜாவா குழு உள்ள இடத்துக்கு. 300க்கும் மேற்பட்ட இணைப்பிகள் உண்டு. ரூட்டுகளை ஜாவா, எக்ஸ்எம்எல், யாமல் எதிலும் எழுதலாம். கேமல் 4க்கு ஜாவா 17 தேவை. தனி சர்வர் வேண்டியதில்லை, ஸ்பிரிங் பூட் செயலிக்குள்ளேயே ஓடும். ரூட் நிரலாகவே இருப்பதால் கிட் என்ற நிரல் பதிப்புக் களஞ்சியத்தில் போகும், யூனிட் டெஸ்ட் எழுதலாம். கைமாறும்போது இதன் அருமை தெரியும்.

அப்பாச்சி நைஃபை திரையில் பெட்டிகளை இழுத்துப் போட்டு இணைக்கும் வகை. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் உருவாகி 2014இல் திறமூலமானது. கோப்புகள், எஸ்எஃப்டிபி (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்றம்), பலவிதமான மூலங்கள் கலந்து கிடக்கும் இடத்தில் வேகமாக வேலை முடியும். எந்தத் தரவு எந்த வழியாக எப்போது போனது என்று திரும்பிப் பார்க்கும் வசதி இதன் பெரிய பலம். நைஃபை 2க்கு ஜாவா 21 வேண்டும். பழைய 1.x பதிப்பின் டெம்ப்ளேட்டுகளும் வேரியபிள்களும் அதில் கிடையாது, ஆகவே மேம்படுத்தும் முன் அவற்றை ஃப்ளோ வரையறைகளாகவும் பாராமீட்டர் கான்டெக்ஸ்டுகளாகவும் மாற்றிவிட வேண்டும்.

அப்பாச்சி ஹாப் தொகுதி ஈடிஎல்லுக்கு. பென்டாஹோவின் கெட்டில் என்ற ஈடிஎல் கருவியிலிருந்து பிரிந்து வந்தது. பழைய கெட்டில் கோப்புகளை இறக்குமதி செய்யும் வசதி உண்டு.

அப்பாச்சி காஃப்கா செய்திகளை நாள்கணக்கில் வைத்திருந்து, வேண்டும்போது முதலிலிருந்து திரும்பப் படிக்க விடும். டெபீசியம் அதன் மேல் ஓடும் சிடிசி. பணிகளை வரிசையாகப் பிரித்துக் கொடுப்பது மட்டும் தேவையென்றால் ராபிட்எம்க்யூ அல்லது ஆக்டிவ்எம்க்யூ ஆர்ட்டெமிஸ் போதும். காஃப்கா அதற்கு மிகை.

அப்பாச்சி ஏர்ஃப்ளோவையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அது எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். பெருந்தரவை அதன் டாஸ்குகளுக்கு இடையே கைமாற்ற முயன்றால் அதன் மெட்டாடேட்டா தரவுத்தளம் ஊதிப்போகும்.

டேலண்ட் ஓப்பன் ஸ்டுடியோவில் நிறைய ஜாப்கள் வைத்திருக்கிறோம். இனி என்ன செய்வது?

ஈடிஎல் கருவி தரும் டேலண்ட்டை க்ளிக் நிறுவனம் 2023இல் வாங்கியது. இலவசப் பதிப்பான ஓப்பன் ஸ்டுடியோ 2024 ஜனவரி 31உடன் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே பில்ட் செய்த ஜாப்கள் ஜாவா ஜார் கோப்புகளாகத் தனியே ஓடுபவை, ஆகவே நாளைக்கே எதுவும் நிற்காது. சிக்கல் மெதுவாக வரும்: ஜார்களுக்குள் இருக்கும் நூலகங்களில் பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் திருத்தம் வராது, தரவுத்தளத்தைப் புதுப்பித்தால் டிரைவர் ஒத்துழைக்காது.

நேரடியாக மாற்றித்தரும் மந்திரக்கோல் எதையும் நம்ப வேண்டாம். முதலில் ஜாப்களைப் பட்டியலிட்டு, கடைசியாக எப்போது ஓடியது, வெளியீட்டை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். யாருமே திறந்து பார்க்காத கோப்பை உருவாக்கும் ஜாப்கள் கணிசமாகத் தேறும், அவற்றை நிறுத்திவிடலாம். எஞ்சியதில் எளிய நகல் வேலைகளை ஹாப்பிலோ வெறும் எஸ்க்யூஎல்லிலோ எழுதுங்கள். டிமேப் என்ற வடிவம் மாற்றும் பகுதிக்குள் நீண்ட நிபந்தனைகள் எழுதப்பட்டவைதான் கடினம். அவற்றுக்கு ஒரே உள்ளீட்டைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, வெளியீட்டை வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே மாறுங்கள்.

திறமூலம் என்றால் உரிமம் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

வேண்டும், கொஞ்சம். கேமல், நைஃபை, ஹாப், காஃப்கா, டெபீசியம் எல்லாம் அப்பாச்சி 2.0 உரிமம். வணிகப் பயன்பாட்டுக்குத் தடையில்லை. தரவை நகலெடுக்கும் கருவியான ஏர்பைட்டின் மையப் பகுதி 2021இல் எலாஸ்டிக் உரிமத்துக்கு மாறியது. உள்ளே பயன்படுத்தலாம், அதையே ஹோஸ்ட் செய்யப்பட்ட சேவையாக மற்றவர்களுக்கு விற்கக் கூடாது. செய்திகளின் ஸ்கீமாக்களை, அதாவது புல அமைப்புகளை, சேமிக்கும் கான்ஃப்ளூவென்ட் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரிக்கும் தனிக் கட்டுப்பாடுகள் கொண்ட உரிமம். அப்பாச்சி உரிமத்திலேயே வேண்டுமென்றால் அப்பிக்யூரியோ ரெஜிஸ்ட்ரி இருக்கிறது.

ஹாப்பை நிறுவியதும் மைஎஸ்க்யூஎல் இணைப்பு வேலை செய்யவில்லை என்று பலர் திகைப்பதற்கும் உரிமமே காரணம். ஜாவாவை அந்தத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர் ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் கருவியோடு சேர்த்துக் கொடுப்பதில்லை. நாமே இறக்கி உரிய ஃபோல்டரில் போட வேண்டும்.

சரி, அந்த முதல் கேள்வி என்ன?

ஒவ்வொரு தகவலுக்கும் சொந்தக்காரர் யார் என்பது. ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் தகவல்: வாடிக்கையாளர் பெயர், முகவரி, கடன் வரம்பு, பொருள் விலை, கையிருப்பு. அடுத்த பத்தியில் அதை மாற்றும் உரிமை உள்ள ஒரே ஒரு சேவை. அதற்கடுத்து அதைப் படிக்கும் சேவைகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பழைய தரவு வரை பொறுக்கலாம் என்பது. முகவரிக்கு ஒரு மணி நேரம், கையிருப்புக்கு ஐந்து விநாடி, ஆண்டறிக்கைக்கு ஒரு நாள் என்று வரும்.

‘வாடிக்கையாளர்’ என்று ஒரே வரியாக எழுதினால் இந்த அட்டவணை பயன்படாது. முகவரியை விற்பனைப் பிரிவும் கடன் வரம்பைக் கணக்குப் பிரிவும் மாற்றுவதுதான் வழக்கம், ஆகவே புலம் வாரியாகப் பிரியுங்கள். இரண்டு சேவைகள் ஒரே புலத்தை மாற்றுகின்றன என்று தெரிந்தால் அங்கேயே நின்று தீர்த்துவிட்டு மேலே போங்கள். இருவழி ஒத்திசைவு போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ‘அ’ மாற்றியது ‘ஆ’வுக்குப் போய், ‘ஆ’வின் மாற்றமாகத் திரும்பி ‘அ’வுக்கு வந்து, ஒரே பதிவு இரவு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பொறுக்கும் நேரத்தை எழுதியதும் கருவிக் கேள்வி பாதி தீர்ந்துவிடும். எல்லாமே ஒரு நாள் என்றால் இரவு நேர ஈடிஎல் போதும். விநாடிக்கணக்கு வந்தால்தான் சிடிசியும் காஃப்காவும்.

நிறுவனம் முழுவதற்கும் ஒரே பொதுத் தரவு மாதிரி உருவாக்க வேண்டுமா?

முழுவதற்கும் வேண்டாம். எல்லாப் பிரிவுகளும் ஒப்புக்கொள்ளும் ‘வாடிக்கையாளர்’ வரையறைக்காகக் கூட்டம் போட்டால் 200 புலங்கள் கொண்ட, அத்தனையும் விருப்பப் புலங்களாக இருக்கும் ஒரு ஸ்கீமாதான் மிஞ்சும். மூன்றுக்கும் மேற்பட்ட சேவைகள் பகிரும் நிகழ்வுகளுக்கு மட்டும் பொது வடிவம் வையுங்கள். அடையாள எண், தேதி வடிவம், அளவலகு இவற்றுக்குப் பொது விதி கட்டாயம். மற்றதை அந்தந்தச் சேவை தன் எல்லையிலேயே மாற்றிக்கொள்ளட்டும்.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்திலிருந்து டெபீசியம் மூலம் மாற்றங்களை எடுப்பது எப்படி? எங்கே தவறும்?

முதலில், போஸ்ட்கிரஸின் மாற்ற லாக்கான ‘வால்’இல் எவ்வளவு விவரம் பதிய வேண்டும் என்று சொல்லும் வால்-லெவல் அமைப்பை ‘லாஜிக்கல்’ ஆக்குங்கள். இதற்கு சர்வரை மறுதொடக்கம் செய்தாக வேண்டும், ஆகவே நேரம் குறித்துக்கொள்ளுங்கள். டெபீசியத்துக்கென்று தனிப் பயனர் ஒன்றை ரெப்ளிகேஷன் உரிமையோடும், தேவையான அட்டவணைகளுக்கு மட்டும் படிக்கும் உரிமையோடும் உருவாக்குங்கள். எந்த அட்டவணைகளின் மாற்றம் வெளியே போகும் என்ற பட்டியலான பப்ளிகேஷனைத் தரவுத்தள நிர்வாகியே முன்கூட்டி உருவாக்கிவிட்டு, டெபீசியம் தானாக உருவாக்கும் அமைப்பை அணைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் அந்தப் பயனருக்குத் தேவைக்கு மிஞ்சிய உரிமை கொடுக்க நேரும். போஸ்ட்கிரஸ் 10 முதல் உள்ளேயே வரும் பிஜிஅவுட்புட் ப்ளக்இன் போதும்.

டெபீசியம் போன்ற இணைப்பிகளை ஓட்டும் காஃப்கா கனெக்ட் தன் அமைப்பு, ஆஃப்செட் (எதுவரை படித்தது என்ற எண்), நிலை ஆகியவற்றுக்கு மூன்று உள் டாபிக்குகளை (செய்தித் தொகுப்புகளை) வைத்துக்கொள்ளும். கையால் உருவாக்கினால் மூன்றுமே ‘காம்பாக்ட்’ கொள்கையில் (ஒவ்வொரு திறவுக்கும் கடைசிச் செய்தியை மட்டும் வைக்கும் முறையில்) இருக்க வேண்டும், அமைப்பு டாபிக்குக்கு ஒரே பார்ட்டிஷன் (பிரிவு). இணைப்பியை ஏற்றியதும் முதலில் மொத்த அட்டவணையையும் ஸ்னாப்ஷாட்டாகப் படிக்கும். அந்தச் செய்திகளில் செயல் குறியீடு ‘ஆர்’ என்றிருக்கும். பிறகு வருபவை ‘சி’, ‘யு’, ‘டி’. ‘ஆர்’ வந்தபோதும் புதிய வாடிக்கையாளருக்கான வரவேற்பு மின்னஞ்சலை அனுப்பும்படி எழுதப்பட்ட நுகர்வோர் சேவை (செய்தியைப் படிக்கும் சேவை), முதல் நாளே பழைய வாடிக்கையாளர் எல்லோருக்கும் அனுப்பி முடிக்கும்.

இனி கோளாறுகள். பெரியது வட்டு நிரம்புவது. டெபீசியம் நின்றுபோனால், அது இன்னும் படிக்காத வால் லாக்கை அதன் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (எதுவரை படித்தது என்று தரவுத்தளத்தில் வைக்கும் குறி) அழிக்க விடாது. லாக் வளர்ந்து வட்டு நிரம்பி, கடைசியில் உற்பத்தித் தரவுத்தளமே நிற்கும். போஸ்ட்கிரஸ் 13 முதல் ஒரு ஸ்லாட் எவ்வளவு லாக்கைப் பிடித்துவைக்கலாம் என்று வரம்பு போடலாம். இயல்பில் வரம்பு இல்லை. வரம்பைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாது போய்விடும், மறுபடி ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும். அது தொல்லைதான், ஆனால் தரவுத்தளம் விழுவதைவிட மேல். இணைப்பியை நீக்கினாலும் ஸ்லாட் தானாகப் போகாது. சோதனைக்குப் போட்ட ஸ்லாட்டைக் கையால் நீக்க மறப்பது இந்த விபத்துக்கு வழக்கமான காரணம்.

இதன் இன்னொரு வடிவம் கண்ணுக்குத் தெரியாது. நாம் கவனிக்கும் தரவுத்தளத்தில் மாற்றமே இல்லை, அதே சர்வரில் இன்னொரு தரவுத்தளம் மும்முரமாக எழுதுகிறது. டெபீசியம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஸ்லாட் நகராது. அவ்வப்போது தானாகப் போகும் ஹார்ட்பீட் செய்தியின் இடைவெளியையும், சிறிய அட்டவணை ஒன்றில் எழுதும் ஹார்ட்பீட் வினவலையும் அமைத்தால் சரியாகும்.

அப்டேட் செய்தியில் பழைய மதிப்பு வராமல் இருப்பது பிழையல்ல. எந்தப் பழைய மதிப்புகள் லாக்கில் பதியும் என்று சொல்லும் ரெப்ளிகா ஐடென்டிட்டி இயல்பு நிலையில் முதன்மைத் திறவை மட்டுமே தரும். பெரிய உரைப் புலம் மாறாதபோது அதன் இடத்தில் ‘மதிப்பு கிடைக்கவில்லை’ என்ற நிரப்புச் சொல் வரும். அதையே உண்மையான மதிப்பாக இலக்கில் எழுதிவிடாமல் பாருங்கள். எல்லாப் புலமும் வேண்டுமென்றால் ‘ஃபுல்’ ஆக மாற்றலாம், லாக் அளவு கூடும். தசம எண்கள் புரியாத எழுத்துக் கோவையாக வந்தால், தசமம் கையாளும் முறையை ‘ஸ்ட்ரிங்’ என்று மாற்றுங்கள். ‘டபுள்’ என்று மாற்றினால் பணத் தொகையில் காசு பிசகும்.

மைஎஸ்க்யூஎல்லில் அதன் மாற்ற லாக்கான பின்லாக்கின் வடிவம் ‘ரோ’, ரோ இமேஜ் ‘ஃபுல்’ ஆக இருக்க வேண்டும். அங்கே ஆபத்து நேர் எதிர். லாக் காலக்கெடு முடிந்ததும் அழிந்துவிடும், அதற்குள் டெபீசியம் படித்திருக்காவிட்டால் மறுபடி ஸ்னாப்ஷாட்தான்.

தரவுத்தளத்தில் எழுதிவிட்டுச் செய்தியும் அனுப்புகிறோம். சில சமயம் ஒன்று நடக்கிறது, மற்றது நடப்பதில்லை. ஏன்?

இரண்டும் ஒரே பரிவர்த்தனைக்குள் இல்லை. கமிட் ஆனதும் (தரவுத்தளத்தில் உறுதியானதும்) செயலி விழுந்தால் செய்தி போகாது. செய்தியை முதலில் அனுப்பினால், ரோல்பேக் ஆன (ரத்தாகிப்போன) ஆர்டருக்கும் செய்தி போயிருக்கும். அவுட்பாக்ஸ் முறைதான் சரியான வழி. ஆர்டர் அட்டவணையில் எழுதும் அதே பரிவர்த்தனையில் அவுட்பாக்ஸ் அட்டவணையிலும் ஒரு வரி எழுதுங்கள்: செய்தி எண், எந்த வகைப் பொருள், அதன் அடையாள எண், நிகழ்வின் பெயர், உள்ளடக்கம். டெபீசியம் அந்த அட்டவணையைப் படித்துச் செய்தியாக அனுப்பும், அதற்கென்றே நிகழ்வு வழிப்படுத்தி ஒன்று அதில் உண்டு.

இதில் இன்னொரு லாபம்: மற்ற சேவைகள் உங்கள் உள் அட்டவணைகளின் வடிவத்தைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. அட்டவணைகளை அப்படியே சிடிசி வழியாக வெளியே விட்டால், ஒரு பத்தியின் பெயரை மாற்றுவதற்குக்கூட எல்லாக் குழுக்களிடமும் அனுமதி கேட்க வேண்டிவரும்.

ஒரே செய்தி இரண்டு முறை வருகிறது. புரோக்கரில் கோளாறா?

இல்லை. வேலையை முடித்த நுகர்வோர், முடித்ததாகச் சொல்லும் முன் விழுந்தால் செய்தி திரும்ப வரும். வராமல் போவதைவிட இது நல்லது. காஃப்காவின் ‘சரியாக ஒருமுறை’ உத்தரவாதம் காஃப்காவிலிருந்து படித்துக் காஃப்காவிலேயே எழுதும்போது மட்டும் செல்லும். நடுவில் தரவுத்தளமோ மின்னஞ்சலோ வந்தால் பொறுப்பு உங்களுடையது.

பெறும் பக்கத்தில் செய்தி எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு கொண்ட அட்டவணை ஒன்று வையுங்கள். வேலையைச் செய்யும் அதே பரிவர்த்தனையில் அதில் இன்சர்ட் செய்யுங்கள். மோதினால் ஏற்கெனவே முடிந்தது என்று பொருள், பேசாமல் விட்டுவிடலாம். இரண்டாம் முறை வரும் செய்தியை ஒதுக்கும் கேமலின் ஐடெம்பொட்டென்ட் கன்ஸ்யூமரைப் பயன்படுத்தினால் நினைவகக் களஞ்சியத்தை வைக்காதீர்கள், மறுதொடக்கத்தில் காலியாகிவிடும். ஜேடிபிசி களஞ்சியம் வையுங்கள்.

வரிசை மாறி வருவது தனிப் பிரச்சினை. காஃப்கா ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே வரிசையைக் காக்கும். வாடிக்கையாளர் எண்ணைச் செய்தியின் திறவாகக் கொடுத்தால் அவருடையவை எல்லாம் ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும். பின்னால் பார்ட்டிஷன் எண்ணிக்கையைக் கூட்டினால் இந்தப் பொருத்தம் மாறிவிடும், ஆகவே முதலிலேயே கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். பதிவில் பதிப்பு எண் வைத்து, இலக்கில் இருப்பதைவிடப் புதியதாக இருந்தால் மட்டும் எழுதுவது இரட்டைப் பாதுகாப்பு.

பிழையான செய்தி ஒன்று வந்து எல்லாமே நின்றுவிடுகிறது. எப்படிச் சமாளிப்பது?

பிழைகளை இரண்டாகப் பிரியுங்கள். மறுமுனை சர்வர் பதில் சொல்லவில்லை, நேரம் கடந்தது என்பவை தற்காலிகம், மறுமுயற்சி செய்யலாம். தேதி இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இருக்கிறது என்பது நிரந்தரம். நூறு முறை முயன்றாலும் அதே பிழைதான், நேரே கழிவு வரிசைக்கு (தோற்ற செய்திகளைத் தனியே வைக்கும் இடத்துக்கு) அனுப்புங்கள்.

மறுமுயற்சிக்கு இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போங்கள்: 1, 2, 4, 8, 16 விநாடி என்று ஐந்து முயற்சி, மொத்தம் 31 விநாடி. அதோடு ஒவ்வொரு இடைவெளியிலும் சிறிது தற்செயல் மாறுபாடு சேருங்கள். இல்லாவிட்டால் சர்வர் எழுந்த நொடியே எல்லா நுகர்வோரும் ஒன்றாகப் போய் அதை மறுபடி சாய்ப்பார்கள். கேமலில் இடைவெளிப் பெருக்கியைக் கொடுத்தால் மட்டும் போதாது, அடுக்கு இடைவெளி அமைப்பையும் இயக்க வேண்டும்.

காஃப்காவில் இந்தக் காத்திருப்பை நுகர்வோருக்குள்ளேயே செய்தால் இன்னொரு பொறி உண்டு. செய்திகளை வாங்கும் இரண்டு ‘போல்’ அழைப்புகளுக்கு நடுவே 5 நிமிடத்துக்கு மேல் ஆனால், அந்த நுகர்வோர் இறந்துவிட்டதாக எண்ணிக் குழு மறுபகிர்வு செய்யும். ஒரு முறைக்கு இயல்பாக 500 செய்திகள் வரும். ஒவ்வொன்றும் ஒரு விநாடி எடுத்தாலே 8 நிமிடம் தாண்டிவிடும். அதே 500ஐ இன்னொருவர் வாங்கி, அவரும் தாமதமாகி, முடிவில்லாமல் சுற்றும். எண்ணிக்கையை 50 ஆகக் குறைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கழிவு வரிசையில் போடும்போது மூலச் செய்தியை மாற்றாமல் அப்படியே வைத்து, பிழை விவரம், எங்கிருந்து வந்தது, ஆஃப்செட், ஒரே கோரிக்கையின் செய்திகளை இணைக்கும் தொடர்பு எண் ஆகியவற்றைத் தலைப்புகளில் சேருங்கள். அங்கிருந்து திரும்ப அனுப்பும் சிறு கருவியையும் அன்றே எழுதிவிடுங்கள். காஃப்கா கனெக்டில் கழிவு டாபிக் வசதி, காஃப்காவிலிருந்து படித்து வெளியே எழுதும் சிங்க் இணைப்பிகளுக்கு மட்டுமே உண்டு.

ஸ்கீமாவை மாற்ற வேண்டும். எந்தச் சேவையை முதலில் மேம்படுத்துவது?

ரெஜிஸ்ட்ரியில் ‘பேக்வர்ட்’ முறை (புதிய ஸ்கீமா பழைய செய்தியைப் படிக்கும்) இருந்தால் படிப்பவரை முதலில், ‘ஃபார்வர்ட்’ (பழைய ஸ்கீமா புதிய செய்தியைப் படிக்கும்) என்றால் எழுதுபவரை முதலில். ஏவ்ரோ என்ற செய்தி வடிவில் புதிய புலத்துக்கு இயல்பு மதிப்பு கொடுங்கள். பெயர் மாற்றம் என்பது உண்மையில் ஒரு புலத்தை நீக்கி இன்னொன்றைச் சேர்ப்பது. புதியதையும் பழையதையும் கொஞ்ச காலம் சேர்த்தே அனுப்பி, பழையதை யாரும் படிக்கவில்லை என்று உறுதியான பின் எடுங்கள்.

எஸ்எஃப்டிபியில் கோப்பு வைத்துத்தான் எங்கள் கூட்டாளி நிறுவனம் தரவு தருகிறது. பாதிக் கோப்பு மட்டும் ஏறிவிடுகிறதே?

அவர்கள் எழுதி முடிக்கும் முன் நீங்கள் படித்துவிடுகிறீர்கள். தற்காலிகப் பெயரில் ஏற்றிவிட்டு, முடிந்ததும் பெயர் மாற்றச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் கேமலில் ‘மாற்றம் நின்றதா’ என்று அளவைப் பார்க்கும் ரீட்-லாக் உண்டு. மெதுவான இணைப்பில் இது ஏமாறும் என்பதால் இடைவெளியைக் கூட்டி வையுங்கள். கோப்பின் கடைசி வரியில் மொத்தப் பதிவு எண்ணிக்கை இருந்தால் எந்த ஐயமும் இல்லை.

நைஃபையில் கோப்புப் பட்டியல் எடுக்கும் ப்ராசசர் இயல்பில் திருத்திய நேரத்தை வைத்தே புதிய கோப்பைக் கண்டுபிடிக்கும். பழைய நேரமுத்திரையோடு தாமதமாக வரும் கோப்பை அது தவறவிடும். கோப்புகளைத் தனித்தனியே நினைவில் வைக்கும் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெயர்கள் கேள்விக்குறிகளாக வருகின்றன, சில பாதியில் வெட்டுப்படுகின்றன. ஏன்?

கேள்விக்குறி என்றால் வழியில் எங்கோ யூடிஎஃப்-8 அல்லாத இணைப்பு இருக்கிறது. மூலம், இணைப்புச் சரம், ஜாவா இயக்கச் சூழல், இலக்கு என்று நான்கையும் பாருங்கள். வெட்டுப்படுவது வேறு: ஆரக்கிளில் வார்சார்2 அளவு இயல்பில் பைட்டுகளில். ‘தமிழ்’ என்ற சொல் பார்வைக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியெண், யூடிஎஃப்-8இல் 15 பைட். 30 என்று வரையறுத்த பத்தியில் இப்படி இரண்டு சொல் மட்டுமே பிடிக்கும், நடுவில் இடைவெளிகூட விட முடியாது. அளவை எழுத்துக் கணக்கில் வரையறுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ மூன்று பைட் வரைதான். தமிழ் தப்பிக்கும், இமோஜி மாட்டும். யூடிஎஃப்8எம்பி4 வேண்டும்.

சிஎஸ்வி கோப்பின் முதல் பத்தியை மட்டும் காணவில்லை என்று பிழை வந்தால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் பிஓஎம் குறி ஒட்டியிருக்கிறது. நீண்ட அடையாள எண்களின் கடைசி இலக்கங்கள் மாறினால், ஜாவாஸ்கிரிப்ட் வழியே எண்ணாகப் போயிருக்கும். 9,007,199,254,740,991க்கு மேல் அது துல்லியம் இழக்கும். எக்செல் 15 இலக்கத்திலேயே நின்றுவிடும். கூட்டிக் கழிக்காத எண்ணை எழுத்தாகவே அனுப்புங்கள்.

பழைய சோப் சேவைகளை என்ன செய்வது?

உயிரோடு இருக்கும்வரை விட்டுவைத்து, முன்னால் கேமலும் சோப் நூலகமான சிஎக்ஸ்எஃப்பும் கொண்டு ஒரு மெல்லிய உறை போடுங்கள். சிஎக்ஸ்எஃப் இயல்பாக இணைப்புக்கு 30 விநாடியும் பதிலுக்கு 60 விநாடியும் காத்திருக்கும். உங்கள் வெளி ஏபிஐ 10 விநாடியில் கைவிடுவதாக இருந்தால் உள்ளே 50 விநாடி வீணாக த்ரெட் பிடித்து நிற்கும். உள் நேரவரம்பு எப்போதும் வெளி வரம்பைவிடக் குறைவாக இருக்கட்டும்.

எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள், பயம் தெளியும். நாளுக்கு 10 லட்சம் செய்தி என்றால் சராசரி விநாடிக்கு 12தான். உச்ச நேரத்தில் பத்து மடங்கு என்றாலும் 120. ஒவ்வொன்றும் 2 கேபி என்றால் நாளுக்கு 2 ஜிபி, காஃப்காவின் இயல்பான 7 நாள் சேமிப்புக்கு 14 ஜிபி, மூன்று நகலுக்கு 42 ஜிபி. இந்த அளவுக்குப் பெரிய கிளஸ்டர் தேவையே இல்லை. மூன்று முனைகள் வைப்பது வேகத்துக்காக அல்ல, ஒன்று விழுந்தாலும் இழப்பு இல்லாமல் இருக்க. நகல் 3, ஒத்திசைந்த குறைந்தபட்ச நகல் 2 என்று வையுங்கள். காஃப்கா 4 முதல், கிளஸ்டரை ஒருங்கிணைத்துவந்த ஜூகீப்பர் என்ற தனி மென்பொருள் கிடையாது. பழைய கிளஸ்டரை 3.x பதிப்பிலேயே, ஜூகீப்பருக்குப் பதிலாக வந்த கேராஃப்ட்டுக்கு மாற்றிய பிறகுதான் 4க்குப் போக முடியும். ஒரு செய்தியின் இயல்பு வரம்பு சுமார் 1 எம்பி. படங்களையும் பிடிஎஃப்களையும் உள்ளே திணிக்காமல், கோப்பை வேறிடத்தில் வைத்து முகவரியை அனுப்புங்கள்.

நைஃபையில் ஒவ்வொரு இணைப்புக்கும் 10,000 பொருள் அல்லது 1 ஜிபி என்று பின்னழுத்த வரம்பு உண்டு. வரிசை நிரம்பினால் முந்தைய ப்ராசசர் நிற்கும். அது கோளாறில்லை, அடுத்த கட்டம் மெதுவாக இருக்கிறது என்ற தகவல். வரம்பைக் கூட்டுவது தீர்வாகாது.

எதைக் கண்காணிப்பது? எல்லாமே பச்சையாகத்தான் தெரிகிறது, தரவு மட்டும் வருவதில்லை.

காஃப்கா கனெக்டில் இணைப்பி ‘ஓடுகிறது’ என்று காட்டும், அதன் டாஸ்க் ‘தோற்றது’ என்றிருக்கும். டாஸ்க் நிலையைத் தனியே பாருங்கள். நுகர்வோரின் பின்தங்கல், ஸ்லாட் பிடித்திருக்கும் லாக் அளவு, கழிவு வரிசையில் உள்ள பழைய செய்தியின் வயது, கடைசியாக இலக்கில் எழுதிய பதிவின் நேரம் ஆகிய நான்குக்கும் எச்சரிக்கை வையுங்கள். நான்கில் ஒன்றுதான் முடியும் என்றால் கடைசியானது.

ஒரு நுகர்வோர் குழு 7 நாளுக்கு மேல் நின்றிருந்தால் காஃப்கா அதன் ஆஃப்செட்டை மறந்துவிடும். இயல்பு அமைப்பில் அது ‘கடைசியிலிருந்து’ தொடங்கும், இடையில் வந்ததெல்லாம் பிழைச் செய்தி ஏதுமின்றி விடுபடும். நீண்ட விடுமுறைக்குப் பின் எண்ணிக்கை இடிக்கிறது என்றால் இதை முதலில் பாருங்கள்.

இதையெல்லாம் தாண்டியும் தினமும் ஒரு சரிபார்ப்பு ஓடட்டும். முந்தைய நாளுக்கான பதிவு எண்ணிக்கையும் தொகைக் கூட்டலும் மூலத்திலும் இலக்கிலும் பொருந்துகின்றனவா? எண்ணிக்கை பொருந்தித் தொகை பொருந்தாவிட்டால் அப்டேட்டுகள் விடுபடுகின்றன. இலக்கில் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் டெலீட்டுகள் போய்ச் சேரவில்லை. ‘திருத்திய நேரம்’ பத்தியை வைத்துத் தரவு எடுக்கும் ஈடிஎல் வேலைகளில் இது நிச்சயம் நடக்கும், அழிந்த வரிக்குத் திருத்திய நேரம் ஏது?

பாதுகாப்பில் எதை முதலில் கவனிப்பது?

கடவுச்சொற்களை. இணைப்பி அமைப்புகளில் நேரடியாக எழுதினால், கனெக்டின் ரெஸ்ட் (வலைவழி ஏபிஐ) முகவரியைக் கேட்கும் எவருக்கும் அவை அப்படியே தெரியும். அந்த ரெஸ்ட் இடைமுகத்துக்கு இயல்பில் பூட்டு கிடையாது. கடவுச்சொல்லைக் கோப்பிலிருந்தோ ரகசியக் களஞ்சியத்திலிருந்தோ எடுக்கும்படி மாற்றி, அந்த போர்ட்டை உள்வலைக்குள் மட்டும் திறந்து வையுங்கள்.

அடுத்து நூலகங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் ஓட்டை வெளியானபோது, ஜாவாவில் ஓடும் எந்தெந்த ஒருங்கிணைப்புக் கருவிக்குள் அந்த நூலகம் இருக்கிறது என்று தெரியாததுதான் பல இடங்களில் பெரிய திண்டாட்டம். ஒவ்வொரு பில்டிலும் நூலகப் பட்டியல் ஒன்றைத் தானாக உருவாக்கி வைத்தால் அந்தக் கேள்விக்கு நிமிடங்களில் பதில் கிடைக்கும். வெளியிலிருந்து எக்ஸ்எம்எல் வாங்கும் ரூட்டுகளில் டிடிடி (எக்ஸ்எம்எல்லின் அமைப்பு விதி) வாசிப்பை அணைத்துவிடுங்கள். கழிவு வரிசையையும் மறக்க வேண்டாம்: மறையாக்கம் செய்யாத வாடிக்கையாளர் விவரங்கள் காலாவதியே இல்லாமல் கிடப்பது பெரும்பாலும் அங்கேதான். அதற்கு 30 நாள் வரம்பு போட்டு, படிக்கும் உரிமையை இருவருக்கு மட்டும் கொடுங்கள்.